வரப்புப் பூவுக்கும் ஒரு பதிவு வேண்டும்: செல்போனில் நெருக்கப் படம் எடுக்கும் முறை

தருமபுரி மாவட்டத்தில் ஆடி, ஆவணியில் இரண்டு நல்ல மழை கிடைத்துவிட்டால் மானாவாரி நிலத்தின் முகமே மாறிவிடும். வேலியில் செங்காந்தள் பற்றி ஏறும். பாறை இடுக்கில் கள்ளிமுளையான் மொட்டு விடும். வரப்பில் விஷ்ணுகிரந்தி நீலப் பொட்டு வைத்ததுபோல் விரியும். இதில் பல செடிகளுக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் பூக்காலம். அது முடிந்து தண்டும் காய்ந்துவிட்டால், அப்படி ஒரு செடி அங்கே இருந்த அடையாளமே தெரியாது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும்.

அந்தப் பத்து நாளில் தாவரவியல் ஆய்வாளர் ஒவ்வொரு ஊருக்கும் வந்து பார்க்க முடியாது. தினமும் அந்த வரப்பில் நடப்பவர் விவசாயிதான். ஆடு மேய்ப்பவரும், களை எடுக்கப் போகும் பெண்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும்தான் அந்தப் பூவைக் கண்ணால் காண்கிறார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. சரியான முறையில் எடுத்த படம், அந்த ஊரில் அந்தச் செடி இருந்தது என்பதற்குச் சாட்சி. முறை தெரியாமல் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்ல மட்டுமே உதவும்.

பூ போனால் விவசாயிக்கு என்ன நட்டம்?

காட்டுப்பூ என்றால் களை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தேனீக்குக் களை, பயிர் என்ற வேறுபாடு கிடையாது. மா பூப்பது மார்கழி, தை மாதங்களில். அதற்கு முந்தைய மாதங்களில் தேனீக்கும் மற்ற பூச்சிகளுக்கும் தேனும் மகரந்தமும் கொடுத்துக் காப்பாற்றுவதில் வரப்பிலும் வேலியிலும் உள்ள தும்பை, ஆவாரை, நெருஞ்சி போன்ற செடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. காய்ப்புழுவின் மேல் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இந்தச் சிறு பூக்களின் தேனைக் குடித்துத்தான் வாழ்கின்றன.

வரப்பு முழுவதும் களைக்கொல்லி அடிப்பது, வேலியைப் பொக்லைன் வைத்துப் பெயர்த்து எடுப்பது, பாறைக் குன்றை உடைப்பது, மேய்ச்சல் நிலத்தை மனையாக்குவது என்று இந்தச் செடிகளின் இடம் ஆண்டுதோறும் சுருங்குகிறது. பாறையும் முள்ளும் உள்ள நிலம் கணக்கில் வெறும் தரிசுதான். அங்கே என்ன இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், என்ன போயிற்று என்றும் யாராலும் சொல்ல முடியாது.

படத்தைப் பார்த்துப் பெயர் வைத்த செடி

ஒரு நல்ல படத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு, உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு கேரளச் செடிகளை வரையச் செய்து தொகுத்த நூல் ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’. இது 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத லின்னேயஸ், 1753-ல் செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அந்த நூலின் படங்களைப் பயன்படுத்தினார். அப்படிப் பெயர் பெற்ற ஒன்று ‘செரோபீஜியா கேண்டலாப்ரம்’ என்னும் கொடி. கொத்துவிளக்குப் போல நிமிர்ந்து நிற்கும் பூங்கொத்தை வைத்து வந்த பெயர் அது. இன்றைக்கும் அந்தப் பெயருக்கு மூல ஆதாரம் அந்தப் படம்தான்.

செரோபீஜியா பேரினத்துப் பூ சின்னக் கூண்டு விளக்குப் போல இருக்கும். சிறு ஈக்கள் குழலுக்குள் இறங்கும். உள்ளே கீழ்நோக்கி நிற்கும் மயிர்கள் ஈயை மேலே ஏறவிடாது. பிறகு மயிர்கள் வாடியதும் ஈ மகரந்தத்தோடு வெளியேறி அடுத்த பூவுக்குப் போகும். இந்தியாவில் இந்தப் பேரினத்தில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் பல, அரிய இனங்கள். ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பூக்குழலின் வடிவமும் நுனி இதழின் அமைப்பும்தான். இதை நெருக்கப் படம் இல்லாமல் பதிவு செய்ய முடியாது.

நம் மாநிலத்திலும் இந்த வேலை பலகாலமாக நடந்து வந்திருக்கிறது. 1842 முதல் கோவையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசுப் பண்ணைகளை நடத்திய ராபர்ட் வைட், 2,000-க்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கோவிந்துவைச் சிறப்பிக்க ஓர் ஆர்க்கிட் செடிக்குக் ‘கோவிந்தூயியா’ என்றே வைட் பெயரிட்டார். பின்னாளில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரத் தொகுப்பகத்தை நிறுவிய கே.எம். மேத்யூ அடிகளார், தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைத் தொகுத்து 1980-களில் நூல்களாக வெளியிட்டார். நமது மாவட்டத்தை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைச் செடிகளும் அவற்றில் அடங்கும். 1982-ல் வந்த அதன் படத் தொகுதியில் எல்லாமே கோட்டோவியங்கள். பூவைப் பிரித்து, இதழ் வேறு, மகரந்தத்தாள் வேறு, காய் வேறு என்று வரைந்திருப்பார்கள். செல்போனில் எடுப்பவரும் அதே ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும்.

எந்தப் பூவில் பழகலாம்?

முதலில் எளிதாகக் கிடைக்கும் பூவில் கை பழக வேண்டும். விஷ்ணுகிரந்தி நல்ல தொடக்கம். காலையில் விரிந்து, வெயில் ஏறியபின் மூடிக்கொள்ளும். ஆகவே நேரம் பார்த்துப் போகும் பழக்கம் வரும். வெள்ளைத் தும்பையில் வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கப் பழகலாம். இளஞ்சிவப்பில் ஒரே ஒரு பெரிய இதழ் தெரியும் ஓரிதழ்த்தாமரையில், பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டிய அவசியம் புரியும்.

அடுத்து, நம் மாநில மலரான செங்காந்தள். இதைக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். இதன் பூ முதலில் பச்சையாக இருந்து, மஞ்சளாகி, பிறகு சிவக்கும். ஒரே பூவை நான்கைந்து நாள் தொடர்ந்து எடுத்தால்தான் முழுப்பதிவு. இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருப்பதைத் தனியே எடுக்க வேண்டும். செடி முழுவதிலும் கோல்ச்சிசின் என்ற நச்சு இருப்பதால் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எருக்கம் பூவை எடுக்கும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

படம் எடுக்கும் முறை

நேரம்: காலை ஆறரை முதல் எட்டரை வரை நல்லது. காற்று குறைவு, வெயில் மென்மை. நடு வெயிலில் எடுக்க நேர்ந்தால் குடை பிடித்து நிழல் செய்யலாம். பூவின் அடிப்பக்கம் இருட்டாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். ஃப்ளாஷ் வேண்டாம்; நிறமும் மயிரும் வெளுத்துப் போகும்.

தூரம்: மேக்ரோ வசதி இல்லாத போன்கள் பலவற்றில் 8 முதல் 10 செ.மீ.க்குள் போனால் படம் கலங்கும். கலங்கினால் போனைச் சற்றுப் பின்னால் இழுத்து, தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம். மேக்ரோ வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். பூச்சி பார்க்கப் பயன்படும் 10 மடங்கு கைலென்ஸைப் போன் கேமராவின் முன் ஒட்டிப் பிடித்தாலும் மிக நெருக்கமான படம் வரும். போனில் மாட்டும் கிளிப் லென்ஸும் கடைகளில் கிடைக்கிறது.

தெளிவு: நெருக்கத்தில் எடுக்கும்போது ஒரு மெல்லிய தளம் மட்டுமே தெளிவாக விழும். முன் இதழ் தெளிந்தால் பின் இதழ் கலங்கும். ஆகவே எந்தப் பகுதி தெளிவாக வேண்டுமோ, அதற்கு நேராகப் போனைப் பிடிக்க வேண்டும். திரையில் அந்த இடத்தைத் தொட்டு, விரலை ஒரு நொடி அழுத்தினால் பெரும்பாலான போன்களில் அது பூட்டிக்கொள்ளும். வெள்ளை, மஞ்சள், சிவப்புப் பூக்களுக்கு வெளிச்ச அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் இதழின் கோடுகள் மறைந்து ஒரே பூச்சாகிவிடும்.

ஆட்டம்: கை நடுங்கினால் போனைக் கல்லின் மேலோ, மண் நிரப்பிய சிறு பையின் மேலோ வைத்து 2 நொடி டைமரில் எடுக்கலாம். காற்றில் தண்டு ஆடினால் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, தண்டு நசுங்காதபடி நூலால் தளர்வாகக் கட்டலாம். முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

பாதுகாப்பு: குனிந்தோ படுத்தோ எடுக்கும் முன் சுற்றிலும் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். கல்லும் சருகும் உள்ள இடம் சுருட்டைவிரியனுக்கும் பிடித்த இடம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காட்டை ஒட்டிய நிலங்களில் யானை நடமாட்டம் இருந்தால் அதிகாலையில் தனியாகப் போகவே கூடாது.

ஒரு செடிக்கு ஆறு படம்

பூவின் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு, “இது என்ன செடி?” என்று கேட்பவர்கள் அதிகம். அதை வைத்துப் பல செடிகளுக்குப் பெயர் சொல்ல முடியாது. ஒவ்வொரு செடிக்கும் குறைந்தது ஆறு படம் வேண்டும்.

1. செடி முழுவதும், அது நிற்கும் இடத்தோடு.
2. தண்டில் இலை அமைந்த விதம். இலையின் மேல்புறமும் அடிப்புறமும்.
3. பூ நேர் முகமாக.
4. பூ பக்கவாட்டிலும் பின்புறமும். புல்லி இதழும் காம்பும் தெரிய வேண்டும்.
5. பூவின் உட்புறம், மகரந்தத்தாளும் சூலகமும் தெரியும்படி.
6. காய், விதை. இதற்குச் சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஏதேனும் ஒரு படத்தில் அளவு தெரிய வேண்டும். சிறு ஸ்கேல் வைப்பது நல்லது. இல்லையென்றால் 10 ரூபாய் நாணயம் வைக்கலாம். அதன் விட்டம் 27 மி.மீ.

படம் சொல்லாத செய்திகளை நோட்டில் எழுத வேண்டும்: தேதி, ஊர், மண் வகை, செடியின் உயரம், வாசனை, உடைத்தால் பால் வருகிறதா, எந்தப் பூச்சி வந்தது. இவற்றோடு ஊர்ப்பெயர் மிக முக்கியம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் வயதானவர்கள் சொல்லும் பெயர்கள் பல, அச்சில் ஏறாதவை. அதைச் சொல்பவர் உச்சரிக்கும் விதத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

திருத்தம் எதுவரை?

எடுத்த படத்தைச் சற்றுச் சீர் செய்வதில் தவறில்லை. ஸ்நாப்சீட் போன்ற இலவச ஆப் போதும். வேண்டாத ஓரத்தை வெட்டலாம். சாய்ந்திருந்தால் நிமிர்த்தலாம். இருட்டாக இருந்தால் வெளிச்சம் கூட்டலாம். நிறம் சரியில்லை என்றால், அதே இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து எடுத்த ஒரு படத்தோடு ஒப்பிட்டு, தாள் வெள்ளையாகத் தெரியும் வரை திருத்தலாம். நீலமும் ஊதாவும் கலந்த பூக்களில் போன் காட்டும் நிறம் பெரும்பாலும் தவறும். அங்கே செடியின் பக்கத்தில் நின்றே, கண்ணில் தெரியும் நிறத்தை நோட்டில் எழுதிவிட வேண்டும்.

எல்லை எங்கே என்பதற்குக் கள்ளிமுளையான் நல்ல உதாரணம். இதில் ஒரு வகையின் கருஞ்சிவப்புப் பூவிதழ் ஓரத்தில் மெல்லிய மயிர்கள் இருக்கும். லேசான காற்றுக்கும் அவை நடுங்கும். அந்த மயிர்தான் அதன் அடையாளம். முகத்தை வழவழப்பாக்கும் ‘பியூட்டி’ வசதியோ, புள்ளிகளை நீக்கும் வசதியோ போட்டால் அந்த மயிர் முழுவதும் அழிந்துபோகும். படம் பார்க்க அழகாக இருக்கும், செடி வேறாகிவிடும். செயற்கை நுண்ணறிவு வைத்துத் தெளிவாக்கும் வசதி இன்னும் ஆபத்து. இல்லாத கோட்டையும் அது வரைந்து வைக்கும்.

பூவின் மேல் உட்கார்ந்த எறும்பையோ ஈயையோ அழிக்கக் கூடாது. அதுவே அந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சியாக இருக்கலாம். நிறத்தை அடர்த்தியாக்குவதும் வேண்டாம். எந்தத் திருத்தமாக இருந்தாலும் நகல் எடுத்து அதில்தான் செய்ய வேண்டும். முதலில் எடுத்த படம் அப்படியே இருக்க வேண்டும்.

இடத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்

படம் எடுப்பவர்கள் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். போனில் லொகேஷன் வசதி இயங்கினால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு நீங்கும், படத்தின் தரமும் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது. இடமும் கூடவே போகும்.

கள்ளிமுளையான் சாற்றை உடல் எடை குறைக்கும் மருந்தென்று வெளிநாடுகளில் மாத்திரையாக விற்கிறார்கள். செங்காந்தளின் கிழங்குக்கும் விதைக்கும் எப்போதும் கிராக்கி உண்டு. அப்படிப்பட்ட செடி எந்தக் குன்றில், எந்தப் பாறையில் இருக்கிறது என்று படத்தோடு போட்டால், பார்ப்பவர்களில் ஒருவர் சாக்கோடு வந்து நிற்கலாம். தென்னாப்பிரிக்காவில் 2019-க்குப் பிறகு அரிய சதைப்பற்றுச் செடிகளைத் திருடி வெளிநாட்டுக்கு விற்பது பெருகியது. அங்கே அரிய செடிகள் இருக்கும் இடத்தை இணையத்தில் வெளியிட வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, குழுக்களில் போடும்போது வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சரியான இடத்தை நோட்டிலும், பொறுப்பான நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்திலும் மட்டும் எழுத வேண்டும்.

பதிவை எங்கே சேர்ப்பது?

உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002-ன்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அந்தக் குழுவின் பணி. படமும் குறிப்பும் தயாராக இருந்தால், கிராம சபையில் கேட்டு அந்தப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லலாம். நாளை அந்தப் பாறைக்கோ புறம்போக்குக்கோ ஆபத்து வந்தால், ஊர் மக்கள் கையில் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

பெயர் கண்டுபிடிக்க, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், திருச்சி ராபினாட் தாவரத் தொகுப்பகம் ஆகியவற்றுக்கு எழுதலாம். பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையிலும், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் பதிவேற்றினால் அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அழியும் நிலையில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட இனங்களுக்கு அந்த ஆப் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்துவிடுகிறது. மற்ற இனங்களுக்கு நாமே மறைக்கும்படி தேர்வு செய்யலாம்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

பூவைப் பறித்து வீட்டில் வைத்து நிதானமாக எடுக்கலாமா?
தும்பை, ஆவாரை போல நிறையப் பூக்கும் செடி என்றால் ஒரு பூவைப் பறித்துப் பிரித்து எடுக்கலாம். ஒன்றிரண்டு செடி மட்டும் தெரியும் இனத்தில் பறிக்கவே கூடாது. அந்தப் பூதான் அந்த ஆண்டின் விதை. பிடுங்கி வந்து தொட்டியில் நடுவதும் தவறு. பாறைச் செடிகள் பெரும்பாலும் தொட்டியில் அழுகிப் போகும்.

ஆப் சொல்லும் செடிப் பெயரை நம்பலாமா?
குடும்பம் எது என்று தெரிந்துகொள்ள உதவும். இனப் பெயரில் அடிக்கடி தவறும். ஆப் சொன்ன பெயரை நம்பிக் கிழங்கையோ இலையையோ சாப்பிடுவது உயிருக்கு ஆபத்து. செங்காந்தள் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு.

பழைய போன்தான் இருக்கிறது. போதுமா?
போதும். லென்ஸை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில், கல்லின் மேல் வைத்து எடுத்த ஆறு படமும் ஒரு பக்கக் குறிப்பும், விலை உயர்ந்த கேமராவில் எடுத்த ஒரே ஒரு பூ முகத்தைவிட அதிகம் பயன்படும்.

காட்டுக்குள் போய் எடுக்கலாமா?
காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும். சொந்த வரப்பு, வேலி, ஏரிக்கரை, கோயில் நிலம் இவற்றிலேயே ஓர் ஆண்டுக்குத் தேவையான வேலை இருக்கிறது.

களை எடுக்கும் முன்

அடுத்த மழைக்குப் பின் வரப்பைச் செதுக்கவோ மருந்தடிக்கவோ போகும் முன் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. அறியாத பூ ஒன்று தெரிந்தால் ஆறு படமும் குறிப்பும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு முழம் மட்டும் விட்டுவிட்டுச் செதுக்கலாம். விளைச்சல் அதனால் குறையப் போவதில்லை. காய் முற்றி விதை விழும் வரை அந்த ஒரு முழத்தைத் தொடாமல் இருந்தால், அடுத்த ஆண்டும் படம் எடுக்க அங்கே செடி இருக்கும்.